பத்தாயிரம் வெள்ளியும் பத்திரத்தில் ஏறாத கணக்கும்

கெடாவின் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ கடைவீட்டு மாடியில் அலுவலகம் பிடிக்கப் போகிறவர் முதலில் கேட்பது மாத வாடகை எவ்வளவு என்றுதான். மற்றவை பின்னால் வரும்: இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்குத் தனி முன்பணம், முத்திரைத் தீர்வை, பெரிய கட்டடமானால் பராமரிப்புக் கட்டணம், காலி செய்கிற நாளில் நாம் எழுப்பிய தடுப்புகளை இடித்துப் பழையபடி ஆக்கிக் கொடுக்கும் செலவு. வாடகையைப் பேசிக் குறைத்தவர் இவற்றில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொள்வார். குத்தகையில் ஏமாறுவதெல்லாம் அறியாமையால் வருவது என்பது பரவலான எண்ணம். கெடாவின் வரலாற்றில் நடந்த ஆகப் பெரிய குத்தகையை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை. பினாங்குத் தீவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்ட கதையில் நட்டப்பட்டவர் குடியேறியவர் அல்ல, இடத்துக்குச் சொந்தக்காரர். அவர் விவரம் தெரியாதவரும் அல்ல. வரப்போகும் செலவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஒன்றுக்கு விலையும் போட்டு, எழுத்தில் அனுப்பியவர். அப்படியிருந்தும் அவை எப்படி மறைந்துபோயின என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கெடா ஏழை நாடு அல்ல. சோழர் கல்வெட்டுகளில் கடாரம் என்று பெயர் பெற்ற அந்தக் கரைக்கு நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டைக் கப்பல்கள் துணி கொண்டுபோய் யானையும் தகரமும் ஏற்றி வந்தன. சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களில் சிலர் சுல்தானின் அரச வணிகராகவே இருந்தார்கள். நாட்டின் வருமானம் நெல்லிலிருந்து வந்ததைவிடத் துறைமுகத்திலிருந்தே அதிகம் வந்தது. ஆனால் பாதுகாப்பு இல்லை. வடக்கே சயாம், தெற்கே சிலாங்கூரின் பூகிஸ் படைகள். 1770-71இல் அந்தப் படைகள், அரச குடும்பத்துக்குள்ளேயே இருந்த சிலரின் துணையோடு கெடாவைத் தாக்கின. அந்த நெருக்கடியில்தான் சுல்தான் முகமது ஜிவா, சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் முகவராக வந்திருந்த பிரான்சிஸ் லைட்டோடு பேசினார். துறைமுக வருமானத்தில் பங்கு தருகிறேன், படை தாருங்கள் என்பது பேரம். 1772இல் சென்னைக் கோட்டை எட்வர்ட் மாங்க்டனை அனுப்பியது. சிலாங்கூரோடு சண்டைக்கு வரமாட்டோம் என்று கம்பெனி சொன்ன இடத்தில் பேச்சு முறிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வது முக்கியம். பதினான்கு ஆண்டுக்குப் பிறகு அதே லைட், அதே கெடாவில், அதே கோரிக்கையைச் சந்தித்தபோது, சுல்தான் எதற்காக இடம் தருகிறார் என்பதில் கம்பெனி தரப்பில் யாருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது.

முகமது ஜிவாவின் மகன் சுல்தான் அப்துல்லா முக்காராம் ஷா 1785இல் அனுப்பிய நிபந்தனைகளைப் படித்தால், இன்றைய குத்தகை வழக்கறிஞர் ஒருவர் எழுதியதோ என்று தோன்றும். கடல்வழி வரும் பகைவரைக் கம்பெனி தன் செலவில் தடுக்க வேண்டும். கெடாவுக்கு வரும் கப்பல்களையும் மரக்கலங்களையும் வழிமறித்துப் பினாங்குக்குத் திருப்பக்கூடாது. அபின், தகரம், பிரம்பு மூன்றும் அரசரின் தனி உரிமைச் சரக்குகள். அவை கைமாறுவது மூடா, பிறை, கிரியான் ஆற்று முகங்களில், பினாங்குக்கு எதிர்க்கரையிலேயே. அங்கே ஓர் ஆங்கிலத் துறை எழுந்தால் அந்த வருமானம் போய்விடும். ஆகவே ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி ஈடு தர வேண்டும். அரசரின் உறவினருக்கோ அதிகாரிகளுக்கோ குடிகளுக்கோ கம்பெனி முகவர் கடன் கொடுத்தால் அதை அரசரிடம் கேட்கக்கூடாது. அரசருக்குப் பகைவராகிறவர், அவர் மகனோ தம்பியோ ஆனாலும், பினாங்கில் அடைக்கலம் பெறக்கூடாது. தரைவழித் தாக்குதல் வந்தால் ஆளும் ஆயுதமும் தர வேண்டும். அந்தச் செலவை அரசரே ஏற்பார். கடைசி நிபந்தனையில் செலவை யார் ஏற்பது என்பதைக்கூடப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்! வரி இழப்பு, கடன் சுமை, உள்பகை, வெளிப்பகை என்று அடுத்த அரை நூற்றாண்டில் கெடாவைத் தாக்கிய ஏறக்குறைய எல்லாமே இந்தத் தாளில் இருக்கிறது.

கல்கத்தாவிலிருந்து வந்த பதிலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் தந்திரம் தெரியும். கடற்கரையைக் காக்க ஓர் ஆயுதக் கப்பல் நிறுத்துகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். முப்பதாயிரத்துக்குப் பதிலாக, ஆங்கிலக் குடியேற்றத்தால் அரசருக்கு நட்டம் வராதபடி பார்த்துக்கொள்வோம் என்று பொதுவாக எழுதினார்கள். தரைவழி உதவி பற்றிய கேள்வியை இங்கிலாந்தின் உத்தரவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். எதையும் மறுக்கவில்லை. ஆனால் எண் போட்டுக் கேட்டது நல்லெண்ணமாக மாறியது. முடிவாகச் சொல்ல வேண்டியது நிலுவையானது. அந்த நிலுவைக்கு விடை வருமுன்பே லைட் 1786 ஜூலை 17 அன்று தீவில் இறங்கி, ஆகஸ்ட் 11 அன்று கொடியேற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரும் வைத்துவிட்டார். இடத்துக்குள் ஆள் குடிபுகுந்த பிறகு, பத்திரத்தில் விடுபட்டதை நிரப்பும் அவசரம் இடக்காரருக்கு மட்டும்தான். குடியிருப்பவருக்கு இல்லை. 1788இல் கம்பெனி, கெடாவோடு படை உடன்படிக்கை கிடையாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. அதற்குள் பினாங்கில் சுங்கமில்லாத துறை நடந்துகொண்டிருந்தது. லைட்டின் கணக்குப்படி, 1790களின் தொடக்கத்திலேயே சூலியர் அங்கே ஆயிரம் பேர் அளவுக்குக் குடியிருந்தார்கள். அதுபோக, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கப்பல்களில் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர்வரை வந்து போனார்கள். சுல்தான் 1785இல் முன்கூட்டிச் சொன்ன திசைதிருப்பம் இதுதான்.

இது லைட் என்ற ஒருவரின் குணக்கேடு என்று முடிப்பது எளிது. கம்பெனியின் பழைய கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சென்னைப்பட்டினத்தை 1639இல் பெற்றபோது துறைமுகச் சுங்கத்தில் பாதி அந்தப் பகுதி நாயக்கருக்கு என்பது பேச்சு. ஊர் வளர வளர அந்தப் பாதியும் வளரும் என்பதைக் கம்பெனி சீக்கிரமே உணர்ந்தது. 1658இல், அப்போது அப்பகுதியை ஆண்ட கோல்கொண்டா அதிகாரிகளிடம் அதை ஆண்டுக்கு 380 வராகன் என்று நிலையான தொகையாக மாற்றிக்கொண்டது. 1672இல் 1,200 வராகனோடு அது முடிந்தது. பிறகு சென்னை எவ்வளவு பெருகினாலும் வாடகை பெருகவில்லை. வளரும் பங்கை விட்டு நிற்கும் தொகையை வாங்கவைப்பது கம்பெனிக்குக் கைவந்த வேலை. ஒரு நூற்றாண்டுப் பயிற்சிக்குப் பிறகே அது கெடாவுக்கு வந்தது. சுல்தான் 30,000 கேட்டதும் நிலையான தொகைதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அது வாடகையாக அல்ல, இழப்பீடாகக் கேட்ட தொகை. படை உதவி அதற்குமேல்.

ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்ததும் சுல்தான் அப்துல்லா சும்மா இருக்கவில்லை. 1790-91இல் பிறையில் படை திரட்டினார். இலானுன் கடலோடிகளின் மரக்கலங்களும் வந்து சேர்ந்தன. 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு இரவோடிரவாகத் தாக்கி அங்கிருந்த கோட்டைகளை அழித்தார். மே மாதம் எழுதப்பட்ட உடன்படிக்கையில் ஆண்டுத் தொகை 6,000 ஸ்பானிய வெள்ளி, கேட்டதில் ஐந்தில் ஒன்று. பாதுகாப்பு பற்றி ஒரு சொல் இல்லை. மாறாக, புதிய சுமைகள் ஏறின. பினாங்குக்கும் கம்பெனிக் கப்பல்களுக்கும் வேண்டிய உணவுப் பொருள்களைக் கெடாவில் சுங்கமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். வேறு எந்த ஐரோப்பியரையும் கெடா தன் மண்ணில் குடியேற்றக்கூடாது. அரிசிக்கும் ஆடுமாட்டுக்கும் கோழிக்கும் கிடைத்திருக்கக்கூடிய சுங்கத்தை எழுத்தில் விட்டுக்கொடுத்தார் சுல்தான். டச்சுக்காரரையோ பிரெஞ்சுக்காரரையோ காட்டி வாடகையைக் கூட்டும் வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தார். இரண்டுக்கும் தனி விலை போடப்படவில்லை. ஆறாயிரத்தைப் பார்த்து இதை வாடகை என்பவர்கள், இந்த இரண்டையும் கழித்துவிட்டு எவ்வளவு மிஞ்சியது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1800இல் பினாங்கின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் எழுதிவைத்த இரண்டாம் உடன்படிக்கையைத்தான் இன்றுவரை எல்லாரும் சுட்டுகிறார்கள். கிரியான் முகத்திலிருந்து மூடா முகம்வரை உள்ள கரையில், கடலிலிருந்து உள்ளே அறுபது ஓர்லோங், அதாவது நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பட்டை, கம்பெனிக்குப் போனது. அதுதான் பின்னர் வெல்லஸ்லி மாகாணமாகி இன்று செபராங் பிறை. தீவுக்கும் கரைக்கும் சேர்த்து, ஆங்கிலேயர் அவற்றை வைத்திருக்கும்வரை, ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய வெள்ளி. நம் கல்வெட்டுகளில் சந்திராதித்தவரை என்று வருவதைப் போல, ஞாயிறும் திங்களும் ஒளிவிடும்வரை இது நிற்கும் என்ற வாசகமும் உண்டு. இந்த உடன்படிக்கையில் பாதுகாப்பு வார்த்தை திரும்ப வந்ததாகச் சிலர் சொல்வார்கள். வந்தது, எங்கே வந்தது என்று பார்க்க வேண்டும். கடல்வழி வரும் பகைவரிடமிருந்தும் கொள்ளையரிடமிருந்தும் இந்தக் கரையைக் கம்பெனி காக்கும் என்பதே வாசகம். இந்தக் கரை என்பது அப்போதுதான் கம்பெனி கைக்கு மாறிய கரை! தன் வீட்டுக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்வதை இடக்காரருக்குச் செய்த உதவி என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அந்த இடைவெளியின் விலை 1821 நவம்பரில் தெரிந்தது. லிகோரிலிருந்து வந்த சயாம் படை கெடாவைப் பிடித்தது. சுல்தான் அகமது தாஜுடின் ஹாலிம் ஷா பினாங்குக்குத் தப்பி வந்தார். அவரைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன சயாமுக்குப் பினாங்கு ஆளுநர் இணங்கவில்லை என்பதைக் கம்பெனியின் நல்ல பக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். அத்தோடு அது முடிந்தது. 1826இல் கம்பெனித் தூதர் பர்னி பாங்காக்கில் செய்த உடன்படிக்கை, கெடாவில் சயாம் இருப்பதை ஏற்றுக்கொண்டது. சுல்தான் பினாங்கிலோ பிறையிலோ பேராவிலோ சிலாங்கூரிலோ தங்கக்கூடாது என்றது. குடியிருப்பவர், இடக்காரரை அவரது பழைய இடத்திலேயே குடியிருக்கவிடாமல் செய்த ஒப்பந்தம் இது. 1831இல் அவரை மலாக்காவுக்கு அனுப்பினார்கள். நாட்டை மீட்க அவரது உறவினர் 1838இல் எழுந்தபோது ஆங்கிலப் போர்க்கப்பல் கெடாக் கரையை மறித்து சயாமுக்கு உதவியது. 1842இல் அவர் திரும்பியபோது கெடா முன்பிருந்த கெடாவாக இல்லை. பெர்லிஸ் போன்ற பகுதிகள் பிரிந்து போயிருந்தன. இதற்கிடையே, போரிலிருந்து தப்பிய கெடாக் குடிகள் ஆயிரக்கணக்கில் மூடா ஆற்றைத் தாண்டி வெல்லஸ்லி மாகாணத்தில் காடு திருத்தினார்கள். இடக்காரர் அழிந்ததில் குடியிருப்பவருக்கு ஆள்பலமும் நெல்வயலும் சேர்ந்தன.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் பழையது, கெடா சயாமுக்கு புங்கா மாஸ் என்ற பொற்பூ அனுப்பிய சிற்றரசு; மேலரசைக் கேட்காமல் தீவை விட்டவருக்கு மேலரசுக்கு எதிராக எப்படிப் பாதுகாப்பு தர முடியும் என்பது. இந்த வாதம் இருபக்கமும் வெட்டும். விட அதிகாரம் இல்லாதவரிடம் பெற்றது செல்லாது என்றால் கம்பெனியின் கையிலிருந்த பத்திரமும் செல்லாது. தீவை வாங்கும்போது தன்னரசு, உதவி கேட்கும்போது சிற்றரசு என்பது நியாயமாகாது. இதைச் சொன்னவர்கள் கெடாக்காரர்கள் மட்டுமல்ல. பினாங்கு அரசாங்கத்தில் இருந்த ஜான் ஆண்டர்சனே 1824இல் வெளியிட்ட நூலில் கெடாவின் பக்கம் வாதாடினார். பின்னாளில் மலாயாவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமும் இந்த விஷயத்தில் தன் நாட்டாரைக் குறை சொன்னார். 1971இல் வரலாற்றாசிரியர் பான்னி எழுதிய ஆய்வு, கெடாவின் வெளியுறவு முழுவதையும் பாதுகாப்புக்கான தேடலாகவே படித்தது. இன்னொரு வாதம், கம்பெனிக்கும் பினாங்கு நட்டக் கணக்குத்தானே என்பது. அதுவும் உண்மைதான். 1805இல் சென்னை, பம்பாய், வங்காளத்துக்குச் சமமான மாகாணம் என்று ஆக்கி, அதிகாரிகளைக் கூட்டி, எதிர்பார்த்த கப்பல்கட்டும் துறை அமையாமல், 1830இல் அந்தத் தகுதியைக் கைவிட்டார்கள். ஆனால் ஆடம்பரத்துக்கு ஆன செலவைக் குடியிருப்பவரின் மறைச்செலவில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

வலுவான எதிர்வாதம் வேறு. பினாங்கு இருந்ததால்தான் கெடா வளர்ந்தது என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெடா அமைச்சர் வான் மாட் சமான் கால்வாய் வெட்டி வயல் திறந்தபோது அந்த நெல்லுக்குச் சந்தை பினாங்கு. 1909இல் கெடா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் கோல மூடா, கூலிம் மாவட்டங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது ஆள் வந்ததும் பினாங்கு வழியாகத்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் ஜெரஜாக் தீவின் தொற்றுத் தடைக் கொட்டகையில் நாள் கழித்து, பிறையில் இறங்கி, 1915இல் அலோர் ஸ்டார்வரை ஓடத் தொடங்கிய ரயிலில் ஏறித் தோட்டத்து லயங்களுக்குப் போனார்கள். இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தோட்டங்களின் வரவு செலவு எங்கே நடந்தது என்றும் பார்க்க வேண்டும். பால்மரம் பீடோங்கில், பணம் வாங்கும் முகவர் ஆபீஸ் பினாங்கின் பீச் ஸ்திரீட்டில் என்று பிரிந்தது கெடாவின் பொருளாதாரம். செட்டியார் கிட்டங்கிகள் பினாங்கு ஸ்திரீட்டில் வரிசையாக இருந்தன. கிடங்கு வாடகை, கப்பல் கூலி, காப்புறுதி, வட்டி, துறைக் கட்டணம் ஆகியவை மூடா ஆற்றுக்குத் தெற்கே சேர்ந்தன. வெட்டும் கூலியும் நில வரியும் வடக்கே நின்றன. வளர்ச்சி வந்தது, அதன் கொழுத்த பகுதி எல்லைக்கு அப்பால் தங்கியது. 1785இல் முப்பதாயிரம் கேட்டபோது சுல்தான் அஞ்சியதும் இதைத்தான். அபினுக்கும் தகரத்துக்கும் பதிலாக ரப்பர் என்பதே வேறுபாடு.

தொகையின் கதையோ தனிக் கேலி. ஒரு ஸ்பானிய வெள்ளியில் ஏறக்குறைய 24 கிராம் சுத்த வெள்ளி உண்டு. ஆகவே 1800இல் ஒப்புக்கொண்ட பத்தாயிரம் என்பது ஆண்டுக்குச் சுமார் 240 கிலோ வெள்ளி. ஆள் தூக்க முடியாத சாக்குகள். உடன்படிக்கையில் எண் இருந்தது, எடை இல்லை, உயர்த்தும் விதியும் இல்லை. 1869இல் எல்லையைத் திருத்தி சயாமோடு எழுதிக்கொண்டபோதும் அதே பத்தாயிரம்தான். கம்பெனி போய், நீரிணைக் குடியேற்றம் போய், மலாயா விடுதலை பெற்றபின் பொறுப்பு மத்திய அரசுக்கு வந்தது. அது பத்தாயிரம் ரிங்கிட் கொடுத்தது. 2017இல் அந்தப் பணத்துக்கு ஐந்து கிலோ வெள்ளிகூடக் கிடைத்திருக்காது. உலகில் இதற்குத் துணை இருக்கிறது. குவாண்டனாமோ விரிகுடாவுக்கு அமெரிக்கா 1903இல் ஒப்புக்கொண்ட வாடகை ஆண்டுக்கு 2,000 தங்க டாலர். இன்று அது நாலாயிரத்துச் சொச்சம் டாலர் காசோலை, கியூபா அதை மாற்றுவதுகூட இல்லை. கெடா மாற்றிக்கொண்டே வந்தது. 2018க்குப் பிறகு மத்திய அரசு அதை ஒரு கோடி ரிங்கிட்டாக, ஆயிரம் மடங்காக, உயர்த்தியது. ஒரே தாவலில் ஆயிரம் மடங்கு உயர்த்த முடிந்தது என்றால், முந்தைய தொகை எந்தக் கணக்கிலும் நிற்கவில்லை என்பதை உயர்த்தியவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

பினாங்கு இன்னும் கெடாவுக்குச் சொந்தம் என்று கெடா மந்திரி பெசார் சனுசி பேசும்போது அரசமைப்புச் சட்டத்தின் முதல் விதி அதற்கு இடம் தரவில்லை. பினாங்கு கூட்டரசின் தனி மாநிலம். அந்த வழக்கைக் கிளப்புவதால் தீர வேண்டிய கணக்கு மங்கிப்போகிறது என்பது என் கருத்து. தீர வேண்டிய கணக்கு மூடா ஆற்றில் ஓடுகிறது. பினாங்கு மாநிலம் குடிக்கும் நீரில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அந்த ஆற்றிலிருந்து, லஹார் தியாங்கில் இறைக்கப்படுகிறது. ஆறு பிறப்பதும் அணைகள் நிற்பதும் கெடாவின் உலு மூடா காட்டுப் பக்கம். அந்தக் காட்டை மரம் வெட்டாமல் வைத்திருந்தால் வருமானம் போவது கெடாவுக்கு. வெட்டினால் தண்ணீர் குறைவது இருவருக்கும். ஆண்டுக்கு ஐந்து கோடி ரிங்கிட் தாருங்கள் என்று கெடா கேட்கிறது. ஆறு எங்கள் எல்லை வழியாகவும் ஓடுகிறது, எங்கள் கரையில் நின்று எடுப்பதற்குக் காசு எதற்கு என்று பினாங்கு மறுக்கிறது. பினாங்கின் அந்தக் கரை, 1800இல் அறுபது ஓர்லோங் அளந்து கொடுக்கப்பட்டு 1869இல் திருத்தப்பட்ட கரை. மேலே காட்டைக் காப்பது யார் செலவு என்று அந்த இரண்டு தாள்களிலும் எழுதவில்லை.